பாஸ்டீஷ்: 'வெற்றுப்பகடி' வேண்டாம், 'பாணியெடுப்பு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாஸ்டீஷ் (pastiche) என்பது இன்னொருவருடைய அல்லது இன்னொரு காலத்தின் பாணியைத் தெரிந்தே எடுத்துக்கொண்டு படைப்பது. அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இதுவரை வந்திருக்கும் பரிந்துரைகள்: வெற்றுப்பகடி, நடைப்போலி, சாயலெழுத்து, கதம்பம். கதம்பத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மூலமான இத்தாலியச் சொல் பலதும் கலந்த பண்டத்தைக் குறித்தது உண்மைதான். ஆனால் இன்று ஒரே ஒருவருடைய பாணியில் எழுதினாலும் அது பாஸ்டீஷ்தான். கலவை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

வெற்றுப்பகடிக்கு ஆதரவு அதிகமாக இருக்கிறது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

அது அமெரிக்க மார்க்சியத் திறனாய்வாளர் ஃப்ரெட்ரிக் ஜேம்சனின் சொற்றொடர் (blank parody). 1984இல் நியூ லெஃப்ட் ரெவ்யூ இதழில் பின்நவீனத்துவம் பற்றி வந்த அவருடைய கட்டுரையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நவீனத்துவ எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பாணியைக் கண்டுபிடித்தார்கள். ஃபாக்னரின் முடிவில்லாத வாக்கியம், லாரன்ஸின் இயற்கைப் படிமங்கள் என்று எதை எடுத்தாலும் பார்த்ததும் ஆளைச் சொல்லிவிடலாம். அதனால் பகடியும் செய்ய முடிந்தது. எழுதுகிறவருக்கும் வாசகருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தது. ஓர் எழுத்தாளர் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்று அளந்து சிரிக்கலாம். பிந்தைய முதலாளித்துவச் சமூகத்தில் அந்தப் பொதுமொழியே உடைந்துவிட்டது என்கிறார் ஜேம்சன். ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு பேச்சை வைத்திருக்கின்றன. எதிலிருந்து விலகல் என்று கேட்டால் பதில் இல்லை. அப்போது செத்த பாணிகளை எடுத்து முகமூடியாக மாட்டிக்கொள்வதுதான் மிஞ்சுகிறது. சிரிப்பும் இல்லை, குத்தலும் இல்லை. அதனால்தான் அது அவருக்கு வெற்றுப்பகடி.

அவர் காட்டும் சான்றுகள் வலுவானவை. 1981இல் வந்த 'பாடி ஹீட்' படம் சமகால ஃபுளோரிடாவில் நடக்கிறது; ஆனால் தலைப்பெழுத்திலிருந்து ஊரின் தோற்றம் வரை எல்லாம் 1930களையே நினைவூட்டுகின்றன. தன் காலத்தைத் தன் கண்ணால் பார்க்க முடியாத ஒரு சமூகம் பழைய படங்களின் வழியாக அதைப் பார்க்கிறது என்று அவர் வாதிடுகிறார். கட்டடக்கலையிலும் இதே கதைதான். 1984இல் மன்ஹாட்டனில் முடிந்த ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனக் கோபுரத்தின் உச்சியில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அலமாரியின் பிளந்த முகடு உட்கார்ந்திருக்கிறது. அங்கே அது ஏன் என்பதற்கு வரலாறு எதுவும் காரணம் தருவதில்லை.

சரி, இவ்வளவு பொருந்துகிறதே, வெற்றுப்பகடி என்றே வைத்தால் என்ன? ஜேம்சனுடைய தீர்ப்பை நாம் சொல்லுக்குள்ளேயே பூட்டிவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். கனடிய இலக்கியக் கோட்பாட்டாளர் லிண்டா ஹட்சன் 1980களிலேயே அவரை மறுத்தார். பின்நவீனத்துவ நாவல் பழைய வடிவங்களைத் திரும்ப எடுப்பது வரலாற்றை மறப்பதற்காக அல்ல, வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று கேள்வி கேட்பதற்காக என்றார். பாஸ்டீஷ் வெறுமையானதா இல்லையா என்பதே இங்கே வழக்கு. கலைச்சொல் ஒரு தரப்புக்குச் சாட்சி சொல்லக் கூடாது. 'வெற்றுப்பகடி வெற்றானதல்ல என்கிறார் ஹட்சன்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, நவீனத்துவர்களே இதைச் செய்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில் நாயகன் ப்ளூம் டப்ளின் மகப்பேறு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிறான். மாடியில் ஒரு பெண் பிரசவ வலியில் இருக்கிறாள். கீழே மருத்துவ மாணவர்கள் குடித்துக் கும்மாளமிடுகிறார்கள். கரு வளர்வதுபோல அந்த அத்தியாயத்தின் ஆங்கில உரைநடையும் நூற்றாண்டு நூற்றாண்டாக வளர்ந்து வருகிறது. மேசையில் இருப்பது ஒரு சார்டின் மீன் டப்பா. அதை ஜாய்ஸ் பதினான்காம் நூற்றாண்டுப் பயண நூலின் நடையில் எழுதுகிறார்: மந்திரத்தால் திறக்கும் வெள்ளித் தொட்டி, உள்ளே தலையில்லாத விசித்திர மீன்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் பழைய நூல் அவமானப்படவில்லை. டப்பாவுக்குத்தான் ஒரு வியப்பு கூடுகிறது. இதைப் பகடி என்றால் குறைகிறது, வெற்று என்றால் பொய்யாகிறது. பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்ட் 1908இல் ஒரு வைர மோசடி வழக்கைத் தனக்கு முந்தைய நாவலாசிரியர்களான பால்சாக் எழுதினால் எப்படி, ஃப்ளோபேர் எழுதினால் எப்படி என்று எழுதிப் பார்த்தார். அவர்களுடைய தாளம் தன் கையை விட்டு நீங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்கும் நமக்கு ஒரு பெயர் வேண்டும்.

நடைப்போலிக்கு நன்னூல் துணை இருக்கிறது. அறம் 'அறன்' ஆவதைப் போலி என்பதில் பழி எதுவும் இல்லை. இருந்தாலும் இன்றைய காதுக்குப் போலி என்றால் போலி மருத்துவர்தான். சாயலெழுத்து அழகான சொல். ஆனால் சாயல் தானாக வந்து விழுவது. குழந்தைக்கு அப்பா சாயல் என்கிறோம், அது யாரும் முயன்று செய்ததல்ல. பாஸ்டீஷ் தெரிந்தே செய்வது.

தெரிந்தே செய்வதற்குத் தமிழில் 'எடுத்தாளல்' ஏற்கெனவே இருக்கிறது. மணிமேகலை குறளை எடுத்தாள்கிறது என்று தயக்கமில்லாமல் எழுதுகிறோம். அங்கே எடுப்பது வரியை, இங்கே எடுப்பது பாணியை. ஆகவே 'பாணியெடுப்பு'. கட்டடத்துக்கும் படத்துக்கும் நாவலுக்கும் பொதுவாக வரும். நடை என்றால் எழுத்தோடு நின்றுவிடும். வினையாகவும் எளிதில் பிரியும்: ப்ரூஸ்ட் ஃப்ளோபேரின் பாணியை எடுத்து எழுதுகிறார். வெற்றுப்பகடியை ஜேம்சனின் அந்தத் தொடரை மொழிபெயர்க்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இசை எழுதுகிறவர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்குப் பாணி என்றால் வீணை தனம்மாள் பாணி மாதிரி குருவழி வருவது. எடுப்பு என்றால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். இரண்டும் சேர்ந்தால் குழப்பம்தான். இசைக் கட்டுரைகளில் 'பாணியெடுத்தாளல்' என்று முழுதாகவே எழுதலாமா? அவர்கள் சொல்லட்டும்.

அன்புடன்.