கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்கள்: உங்களால் மறக்க முடியாத ஒருவர்

கல்லணை:
தங்கையின் திருமணம், கும்பகோணம், காலை முகூர்த்தம். தாலி ஏறும் நேரத்தில் மணவறையைச் சுற்றி நடக்கும் நெரிசலை இங்கே யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. வீடியோக்காரரும் செல்பேசி ஏந்திய சித்தப்பாக்களும் மாப்பிள்ளையின் கைகளையே குறிவைத்து நின்றபோது, எங்கள் புகைப்படக்காரர் மட்டும் கேமராவை மார்போடு இறக்கி வைத்துக்கொண்டு மேளக்காரர்கள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கா முன்பணம் கொடுத்தோம் என்று எனக்குக் கோபம் வந்தது. வாத்தியார் விரலை உயர்த்த, தவில்காரர் குச்சியை ஓங்க, அதே நொடியில் அவர் சட்டென்று திரும்பித் தரையில் குந்தினார். எல்லாரும் எழுந்து அட்சதை தூவியபோது அவர்களுடைய முழங்கைகளுக்குக் கீழே அவருக்கு மட்டும் வழி இருந்தது. முதல் முடிச்சைப் போட்டுவிட்டு மாப்பிள்ளையின் விரல்கள் விலக, அடுத்த முடிச்சுக்கு நாத்தனாரின் விரல்கள் வந்து கயிற்றைப் பற்றும் இடம், மேலே அரிசி அந்தரத்தில் நிற்கிறது. வேறு யாருடைய கேமராவிலும் அது இல்லை. பந்தியில் விசாரித்தபோதுதான் அவர் தவில் வித்வானின் மகன் என்றும், சிறு வயதில் அப்பாவின் செட்டில் தாளம் போட்டவர் என்றும் தெரிந்தது. கெட்டிமேளத்துக்கு முன்னால் வாத்தியார் மேளக்காரரை ஒருமுறை பார்ப்பார், அந்தப் பார்வைக்குக் காத்திருந்தே வளர்ந்தவன் நான் என்றார்.

வைகைக்கரை:
அழகான அனுபவம்தான், ஆனால் ஒரு நல்ல படத்தை வைத்து ஒருவருடைய பரம்பரைக்கே மாலை போடுவது கொஞ்சம் அதிகம். அந்த இடத்தில் குந்தியிருந்தால் யாருக்கும் அந்தப் படம் கிடைத்திருக்கும். அதோடு, எதிர்பாராமல் எடுப்பதுதான் கலை, நிற்க வைத்து எடுப்பது வெறும் தொழில் என்ற எண்ணம் இந்தக் கேண்டிட் காலத்தில் எல்லாருக்கும் வந்துவிட்டது. மதுரையில் எங்கள் குடும்பக் கல்யாணங்களுக்கு வந்த ஸ்டுடியோக்காரர் யாஷிகா மேட் கேமராவில் எடுத்தவர். 120 என்ற வகை ஃபிலிமில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான் என்பதால் வீணாக ஒரு முறைகூட அழுத்த மாட்டார். ஸ்டுடியோ வைப்பதற்கு முன்பு வேறொருவரிடம் முகத்துக் குறைகளை மறைக்க நெகட்டிவுக்குப் பென்சிலால் டச்சிங் செய்துகொண்டிருந்தவர், ஆகவே எந்த முகத்தில் நிழல் எங்கே விழும், எது பிறகு வேலை வைக்கும் என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். அம்மைத் தழும்பு காரணமாகப் படம் என்றாலே அடுக்களைக்குள் போய்விடும் என் பாட்டியை, "ஆத்தா, இந்தச் சன்னல் பக்கமா லேசாத் திரும்புங்க" என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிட்டார். பாட்டிக்கென்று எங்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான், அதில் பென்சில் பட்ட அடையாளமே கிடையாது.

கல்லணை:
வைகைக்கரை அவர்களே, நீங்கள் என்னோடு சண்டை போடுவதாக நினைத்து என் கட்சியையே பேசியிருக்கிறீர்கள். டச்சிங் செய்த கை அல்லவா உங்கள் பாட்டியைச் சன்னல் பக்கம் திருப்பியது? எங்கள் தவில் வித்வானின் மகனுக்கும் எல்லை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மாலை வரவேற்பில் கீபோர்டு இசைக்குழு வந்தது, அங்கே அவர் எடுத்தவை யாரும் எடுக்கக்கூடிய படங்கள்தான்.

அருணைவாசி:
என் திருமணத்துக்கு வந்தவர் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து இந்தத் தொழிலுக்கு மாறியவர். ஃபிளாஷைத் தொடவே மாட்டார். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் எங்கள் திருவண்ணாமலையில் இருந்தார் என்பதையும், அவரும் ஃபிளாஷை வெறுத்தவர் என்பதையும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். மெட்டி போடும்போது குறுக்கே ஒரு மாமா வந்து மறைத்துவிட்டார். "தம்பி, இன்னொரு தடவ போடுங்க, போட்டோ எடுக்கட்டும்" என்று நாலா பக்கமும் குரல் எழ, நானும் குனிந்து என் மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், அவர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு மணவறைப் படியில் உட்கார்ந்திருக்கிறார். "நடந்தது நடந்துடுச்சுங்க, இனிமே நீங்க செய்யறது நடிப்பு" என்றார். ஆல்பத்தில் மெட்டிப் படம் இல்லை. என் மாமியார் இன்றுவரை விசேஷத்துக்கு விசேஷம் அதைச் சொல்லிக் காட்டுகிறார். நான் யார் பக்கம் நிற்பது என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

கொங்குநாடன்:
இரண்டு பக்கமும் நிற்க வேண்டாம் நண்பரே, முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். நானும் இத்தொழிலில் இருப்பவன். ஒரு வரவேற்பில் மேடை முழுவதும் ஊதா விளக்கைப் போட்டுவிட்டார்கள். மணப்பெண் தன் அரக்குப் பட்டைப் படத்தில் பார்த்துவிட்டு "இது என் புடவையே இல்லை" என்று அழுதுவிட்டார். அந்த வெளிச்சத்தில் தொலைந்த நிறத்தைக் கணினியில் முழுதாக மீட்க முடியாது, ஆகவே அலங்காரக்காரரிடம் மணமக்களின் முகத்துக்கு நேராக மட்டுமாவது வெள்ளை விளக்கு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் எல்இடி திரை வைத்தால் படத்தில் கோடு கோடாக விழும், ஷட்டர் வேகத்தைக் குறைத்து அதைச் சரிசெய்யத் தெரிந்தவரா என்று கேளுங்கள். பட்டுச் சரிகையின் மீது ஃபிளாஷை நேராக அடித்தால் சரிகை வெளுத்துவிடும், கூரையிலோ குடையிலோ பட்டுத் திரும்பி வர வேண்டும். ஃபிளாஷே வேண்டாம் என்பவருக்குச் சன்னல் இல்லாத குளிர்சாதன மண்டபத்தைக் கொடுத்துவிட்டுக் குறை சொல்வதில் நியாயமில்லை. இன்ஸ்டாகிராமில் பொறுக்கிப் போட்டதைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும், பந்தி, குடும்பப் படம் உட்பட, காட்டச் சொல்லுங்கள். கேமராவில் இரண்டு மெமரி கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். டிரெடிஷனலுக்கு ஒருவர், கேண்டிடுக்கு ஒருவர் என்று வைத்தால், தாலி கட்டும்போது யார் எந்தப் பக்கம் என்பதை முந்தைய இரவே அவர்களைப் பேசிக்கொள்ள வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் படத்தில் மற்றவருடைய முதுகுதான் இருக்கும். எதை எடுப்பார், எதை எடுக்க மாட்டார் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தால் மெட்டிச் சண்டை வந்திருக்காது.

அருணைவாசி:
கொங்குநாடன் அண்ணா, நான் யோசனை கேட்கவில்லை, ஆனாலும் ஒரு தகவல். எதையும் மறுபடி செய்யச் சொல்ல மாட்டேன் என்று அந்த மனிதர் முன்பணம் வாங்கிய அன்றே சொல்லியிருக்கிறார். சரி என்று தலையாட்டிப் பணம் கொடுத்தவர் என் மாமனார். அதை மாமனார் என் மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.