பிளாஸ்டிக் இல்லாமல் வளைகாப்பு நடத்த வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் மதுரையில் என் தங்கைக்கு வளைகாப்பு. சுமார் 200 பேர் வருவார்கள். விசேஷத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

சாப்பாடு வாழை இலையில்தான், அதில் சிக்கல் இல்லை. தாம்பூலத்துக்கு மஞ்சப்பை சொல்லியாயிற்று. கடையில் முதலில் ‘நான்-ஓவன்’ (non-woven, நெய்யாத) பையைத்தான் காட்டினார்கள். பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அது பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிக்கேதான்.

தண்ணீரும் காபியும்தான் பெரிய கவலை. இலைக்கு ஒரு சின்ன பாட்டில் வைப்பதுதான் வழக்கம் என்கிறார் சமையல்காரர். வேண்டாம் என்றால் பேப்பர் கப் என்கிறார். அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடாக ஊற்றினால் நுண்துகள்கள் காபியில் கலக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அந்தக் கப்பும் உண்டு. ஆனாலும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதுதான் கையில் வருகிறது, மனசு கேட்கவில்லை. எவர்சில்வர் டம்ளர் கேட்டால், கழுவ ஆள் இல்லை என்று கையை விரிக்கிறார்.

மதுரைப் பக்கம் டம்ளரை வாடகைக்குக் கொடுத்து, கழுவ ஆளும் அனுப்புகிறவர்கள் யாரையாவது தெரியுமா? இரண்டு பந்தி என்றால் எத்தனை டம்ளர் எடுத்தால் தட்டுப்பாடு வராது? அப்புறம், ஜக்கில் தண்ணீர் ஊற்றிப் பரிமாற எத்தனை பேர் வேண்டும்? இப்படி விசேஷம் நடத்தியவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பொங்கலுக்கு முன் சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.