மறு: யூரியேஸ் – அமுரிநொதியா, யூரியாப்பிளப்பியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எண்டோஸ்கோப்பி (குழாய்விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் படிப்பதற்கான, இரைப்பைப் புண் பற்றிய துண்டறிக்கை வெள்ளிக்கிழமை மாலைக்குள் தருமபுரியிலுள்ள அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்ற வரிகளெல்லாம் முடிந்துவிட்டன. யூரியாவைப் பிளக்கும் நொதியான (என்சைம்) யூரியேஸுக்கு எந்தத் தமிழ்ச்சொல்லை இடுவது என்பதில்தான் பன்னிரண்டு நாள்களாக நிற்கிறோம். வந்த மடல்கள் அனைத்தையும் நேற்றிரவு மீண்டும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்து ஐயா 'அமுரிநொதி' என்று முன்மொழிந்தார்கள். அமுரி என்பது சித்தர் வழக்கில் சிறுநீர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் 'அமுரி தாரணை' என்றே ஒரு பகுதி உண்டு. யூரியாவும் முதலில் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள்தான். சொல்லின் அழகையும் பொருத்தத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அறிக்கையைக் கையில் வாங்கப்போகிறவர் பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவர், பென்னாகரத்தில் கேழ்வரகு விதைக்கிறவர். யூரியா அவர் வீட்டுத் திண்ணையில் மூட்டையாக அடுக்கிவைத்திருக்கும் சொல். ஈர மண்ணில் மேலுரமாக அதைத் தூவிவிட்டு இரண்டொரு நாள் கழித்துக் குனிந்து களையெடுத்தால் மூக்கில் ஏறுகிற நெடியையும் அவர் அறிவார். அந்த நெடி அம்மோனியா. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளின் யூரியேஸ்தான் யூரியாவைப் பிளந்து அதைக் கிளப்புகிறது. வயலில் நடப்பதே வயிற்றிலும் நடக்கிறது என்று ஒரே வரியில் அவருக்குச் சொல்லிவிடக்கூடிய வாய்ப்பை, யூரியாவை அமுரியாக்கி நாம் இழக்கலாமா?

எச். பைலோரி என்ற பாக்டீரியா, குருதியிலிருந்து இரைப்பைக்குள் கசியும் யூரியாவை இந்த நொதியால் அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிளக்கிறது. அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணிப்பதால், மற்றக் கிருமிகள் மாண்டுபோகும் இடத்தில் இது பிழைத்துக்கொள்கிறது. அமிலம் தணிந்த இடத்தில் கோழைப்படலமும் இளகிவிடுவதால், வால்போன்ற கசையிழைகளை அடித்து நீந்தி இரைப்பையின் சுவரையே போய்ச் சேர்கிறது. பிறகு அம்மோனியாவும், கிருமியின் நச்சுப் புரதங்களும், கிருமியை எதிர்க்க உடல் அனுப்பும் வெள்ளணுக்களும் சேர்ந்து அழற்சியை உண்டாக்க, அது சிலருக்குப் புண்ணாகவும் மிகச் சிலருக்குப் பல்லாண்டுகள் கழித்துப் புற்றாகவும் முற்றுகிறது. மிளகாயும் மனக்கவலையுமே புண்ணுக்குக் காரணம் என்றிருந்த நம்பிக்கையை, 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டி மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அசைத்தார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நம் ஊர்களிலோ அந்த நம்பிக்கை இன்னும் அசையவில்லை. அதனால்தான் கலைச்சொல்லே செயலைச் சொல்லவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

'நொதி என்று படித்ததும், சோறு வயிற்றில் கிடந்து புளிக்கிறது என்றுதான் நோயாளி நினைத்துக்கொள்வார்' என்று அரூர் ஆசிரியை எழுதியது இந்த விவாதத்திலேயே கனமான மறுப்பு. அதற்கு விடையாக ஓசூர் நண்பர், 1877இல் ஜெர்மன் அறிவியலாளர் கியூன இட்ட பெயரான என்சைமிலும் கிரேக்கப் புளிமாவுச் சொல்லே இருக்கிறது என்றும், நொதிக்குக் கன்னடம் வழங்கும் 'கிண்வ' மது காய்ச்சச் சேர்க்கும் புளிப்புப் பொருளைக் குறித்த வடசொல் என்றும், ஆகவே மூன்று மொழிகளும் ஒரே பானையில் பொங்கியவை என்றும் காட்டினார். கற்றுக்கொண்டேன், நன்றி. ஆயினும் ஆசிரியையின் கவலை அதனால் தீரவில்லை. 1926இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் படிகமாக்கிய நொதி யூரியேஸ்தான், அதுவும் ஒருவகை அவரையிலிருந்து என்பதைக் கொண்டு 'அவரைநொதி' என்றவரின் கருத்தும் நம் மாவட்டத்து அவரைக்குப் பெருமையே தவிர நோயாளிக்கு விளக்கமாகாது.

என் முன்மொழிவு யூரியாப்பிளப்பி. பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி என வினைமுதலைக் குறிக்கும் இகர விகுதி வீட்டுக்கு வீடு புழங்குகிறது. யூரியா வேற்றுச்சொல் ஆதலால் நடுவில் பகரம் ('ப்') மிகவேண்டியதில்லை என்ற ஊத்தங்கரை நண்பருக்கு மளிகைக்கடையில் வாங்கும் 'காப்பிப்பொடி'யையே சான்றாகக் காட்டுகிறேன். ஒலி இசைந்து வந்தால் வேற்றுச்சொல்லும் நம் புணர்ச்சிக்கு உட்படத்தான் செய்யும்.

நான் நாள்தோறும் பார்ப்பது ஒன்று. இரைப்பைச் சுவரிலிருந்து கிள்ளியெடுத்த எள்ளளவு சதையை, யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் வைப்போம். கிருமி இருந்தால், சதையைச் சுற்றி முதலில் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு விளிம்பு தோன்றிக் கிண்ணம் முழுவதும் பரவும். சென்ற வாரம் ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இது எதைச் சாமி காட்டுது?" என்று கேட்டார். "யூரியாவை உடைக்கிற கிருமி உள்ளே இருக்குதுங்க ஆயா" என்றேன். "வயல்ல போடற யூரியாவா?" என்று உடனே பிடித்துக்கொண்டார். யூரியேஸ் என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி வந்திராது.

பரிசோதனைச் சீட்டில் யூரியேஸ் என்றே இருக்கும், நோயாளி பெங்களூருக்கோ சேலத்துக்கோ போனால் அந்தச் சொல்தான் உதவும் என்று மருத்துவ நண்பர் கூறியது முழு உண்மை. எனவே சொல் முதலில் வரும் இடத்தில் 'யூரியேஸ் என்னும் யூரியாப்பிளப்பி' என்றும், பிறகு யூரியாப்பிளப்பி என்றும் எழுதியிருக்கிறேன். கிருமியின் பெயரில் கைவைக்கவில்லை. இதுவரை ஏழு பேர் இதற்கு உடன்பட்டிருக்கிறார்கள். பாதி கடன்சொல்லை வைத்துக்கொண்டு கலைச்சொல் என்று பெயரிடக் கூடாது என்ற காவேரிப்பட்டணத்து ஐயாவின் மறுப்பு அப்படியே நிற்கிறது; அதை மாற்றும் வலு என்னிடம் இல்லை. பகரத்தைப் பற்றி மட்டும் வேறு கருத்திருந்தால் வெள்ளி நண்பகலுக்குள் எழுதுங்கள்.