வீடு மாற்றியபின் பவளத் தொட்டி: அம்மோனியா பூஜ்ஜியம், ஆனாலும் இறால் செத்துவிட்டது

பள்ளத்தூரான்:

வணக்கம். என்னுடையது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி. ஏறக்குறைய 340 லிட்டர் பிடிக்கும். மதுரையில் நான்கு வருடம் நன்றாக ஓடியது. அப்பத்தாவைத் தனியே விட முடியாமல் நாங்கள் பள்ளத்தூர் வீட்டுக்கே வந்துவிட்டோம். தொட்டியும் கூடவே வந்தது.

மாற்றும்போது நிதானமாகத்தான் செய்தேன். பழைய தண்ணீரில் 160 லிட்டரை 20 லிட்டர் கேன்களில் பிடித்துக்கொண்டேன். பாறைகளை மீன் விற்கும் தெர்மகோல் பெட்டிகளில் தண்ணீரோடு வைத்தேன், ஒன்றுகூடக் காயவில்லை. பழைய மணலை அப்படியே போட்டால் அடியில் தங்கிய அழுக்கும் வாயுவும் கிளம்பும் என்று படித்திருந்ததால், அதைக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டேன். பயணம் இரண்டு மணி நேரம்தான். அன்று இரவே மோட்டார் ஓடிவிட்டது.

இன்று பன்னிரண்டாம் நாள். மீன்கள் எல்லாம் நலம், இரண்டு க்ளவுன் மீனும் கைக்கு வந்து சாப்பிடுகின்றன. ஆனால் நான்கு வருடமாக என் விரலைச் சுத்தம் செய்துவந்த கிளீனர் இறால் ஐந்தாம் நாள் செத்துப்போனது. டர்போ நத்தைகள் கண்ணாடியில் பிடிக்க முடியாமல் ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. பூப்போல விரியும் பவள வகையான ஸோவா ஒன்றுகூடத் திறக்கவில்லை. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, கேஎச் (காரத்தன்மை) 8.2, உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.025. வெப்பம் மதியம் 30 தொட்டது. ஃபேன் வைத்து 27.5-க்கு இறக்கியிருக்கிறேன்.

தொட்டி இரண்டாம் கட்டில், வளவு முற்றத்தின் வெயில் நேரே படாத சுவர் ஓரம் இருக்கிறது. போன மாதம்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சுண்ணாம்புத் தூசி விழுந்திருக்குமோ? அந்த இறாலை நினைத்தால் இரவு தூக்கம் வரவில்லை. என்ன தவறு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

கோவை ரீஃப்:

பாறை காயவில்லை, மணலும் புதிது, அம்மோனியாவும் இல்லை. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் பாறையில்தான் இருக்கும், அது உயிரோடு வந்துவிட்டது என்றே தெரிகிறது. உப்பின் அளவு திடீரென்று ஏறி இறங்கினாலும் இறால் தாங்காது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இடம் மாற்றிய அதிர்ச்சியாகவும் இருக்கலாம், பொறுத்துப் பாருங்கள்.

தேவகோட்டை வள்ளி:

தம்பி, அதிர்ச்சி என்றால் மீனும் கொஞ்சம் வாடியிருக்கும். மீன் நன்றாக இருந்து இறாலும் நத்தையும் மட்டும் போகிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம். வீட்டில் கரையான் மருந்து அடித்தீர்களா? புதுத் தண்ணீரை எதில் கலக்கினீர்கள்? ஆவியாகிக் குறைவதற்கு ஈடாகத் தினமும் ஊற்றும் ஆர்ஓ தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள்? நம் பக்கத்து வீடுகளில் பாத்திரம் எப்படி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

பள்ளத்தூரான்:

ஆச்சி, கரையான் மருந்து அடிக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உப்பு கலக்கும் நீல ட்ரம் வண்டியிலேயே விரிசல் விட்டுவிட்டது. அதைப் பார்த்த அப்பத்தா, பொருள் அறையிலிருந்து பெரிய பித்தளை அண்டாவை ஆள் வைத்து இறக்கி, புளி போட்டு விளக்கி, துணியால் துடைத்து, "இதில் வைத்துக்கொள் அப்பு, பிளாஸ்டிக்கை விட இது நல்லது" என்றார்கள். அம்மா கல்யாணத்துக்குச் சமைத்த அண்டா. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில்தான் இரண்டு தடவை உப்புத் தண்ணீர் கலந்து, ராத்திரி முழுக்க மோட்டார் ஓடவிட்டேன். அப்புறம் அதையே கழுவி, ஆர்ஓ தண்ணீர் பிடித்துவைக்கிறேன். ஃபேன் ஓடுவதால் தினம் ஐந்து லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிலும் மெல்லிய பச்சைக் கோடு. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது.

கீழக்கரை பாய்:

தம்பி, அதுதான் காரணம். இன்றைக்கே அந்த அண்டாவிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொட்டியில் போகக் கூடாது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். நீங்கள் பார்த்த பச்சைக் கோடு களிம்பு, அதில் இருப்பது செம்பு. புளி போட்டு விளக்கினால் மேலே படிந்த பழைய படலம் போய், புது உலோகம் வெளியே வந்துவிடும். அதன்மேல் உப்புத் தண்ணீரை ஓடவிட்டால் அரிக்காமல் என்ன செய்யும்? ஆர்ஓ தண்ணீரும் சாதுவில்லை. அதில் உப்பு மிகக் குறைவு என்பதால் படுகிற உலோகத்தைக் கரைக்கப் பார்க்கும். சமைக்கிற அண்டாவுக்கு வெள்ளீயம் பூசுவது எதற்கென்று யோசித்துப் பாருங்கள்.

மீன் ஓரளவு தாங்கும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு வைத்துத்தானே மருத்துவம் செய்கிறோம். இறால், நத்தை, பவளத்துக்கு அதைவிட மிகக் குறைவே விஷம். வீட்டு டெஸ்ட் கிட்டில் பூஜ்ஜியம் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், அவ்வளவு நுட்பமாக அது காட்டாது.

இன்றைக்கே உணவுத் தரப் பிளாஸ்டிக் ட்ரம் ஒன்று வாங்குங்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் நல்ல கார்பன் போடுங்கள். பாலி ஃபில்டர் என்ற அட்டை கிடைக்கும், அதையும் தண்ணீர் ஓடும் வழியில் வையுங்கள். செம்பை இழுத்தால் நீலமாக மாறும், கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பாறையும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும், ஆகவே ஒரே வாரத்தில் முடியாது. இப்போதைக்கு இறால் வாங்காதீர்கள். மிஞ்சிய நத்தை இரண்டு மூன்று வாரம் கண்ணாடியில் நின்று மேயட்டும், பிறகு யோசிப்போம்.

சுண்ணாம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். பவளம் எலும்பு கட்டுவதற்குக் கால்சியம் தர, தெளிந்த சுண்ணாம்பு நீரை நாங்கள் இரவில் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். பி.எச். 12-க்கு மேல் இருக்கும், மொத்தமாக ஊற்றினால்தான் ஆபத்து. அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துவிடாதீர்கள், சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும்.

காரைக்குடி மாணவன்:

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு சிரமத்துக்கு, தொண்டி போய்க் கடல் தண்ணீரே பிடித்து வந்தால் என்ன? ராமேஸ்வரம் பக்கம் கரையில் கிடக்கும் பவளப் பாறையையும் எடுத்துவரலாமா? நான் புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறேன்.

கீழக்கரை பாய்:

தம்பி, பாறையைத் தொடவே கூடாது. 2001-லிருந்து கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் கரை ஒதுங்கியதும் அதில் சேர்த்திதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. முன்பு இங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள், அதில் அழிந்த திட்டுகள் உண்டு. நான் அந்தக் கரையில் வளர்ந்தவன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர் விஷயத்தில், தொண்டிப் பக்கம் பாக் விரிகுடா ஆழம் குறைவு, சேறு அதிகம். பாக்கெட் உப்பும் ஆர்ஓ தண்ணீரும் போதும். மீன் வேண்டுமென்றால், தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த க்ளவுனாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த இனப்பெருக்கத்தைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தேவகோட்டை வள்ளி:

பள்ளத்தூர்த் தம்பி, ஸ்டாண்டுக்குக் கீழே என்ன போட்டிருக்கிறீர்கள்? உப்புத் தண்ணீர் சிந்தி ஆத்தங்குடிக் கல்லில் ஊறினால் பூவெல்லாம் மங்கிவிடும். எங்கள் வீட்டில் ஒரு மூலை அப்படித்தான் போயிற்று. ரப்பர் விரிப்பு ஒன்று போட்டுவிடுங்கள். அப்பத்தாவிடம் அண்டா விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா?

பள்ளத்தூரான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பாய், முதல் பாலி ஃபில்டர் நான்காம் நாளே நீலமாகிவிட்டது. இரண்டாவது ஓரத்தில் மட்டும் லேசாக நிறம் மாறியிருக்கிறது. எட்டு முறை தண்ணீர் மாற்றியாயிற்று. நத்தைகளில் மூன்று பிழைத்தன. நேற்று விளக்கு போட்டு ஒரு மணி நேரத்தில் பச்சை ஸோவாவில் ஏழு வாய் திறந்தன, எண்ணிப் பார்த்தேன். ஆச்சி, ரப்பர் விரிப்பும் போட்டுவிட்டேன்.

அப்பத்தாவிடம் இறால் செத்த காரணத்தைச் சொல்ல மனம் வரவில்லை. "கடல் தண்ணீர் பட்டால் அண்டா வீணாகிவிடும் அப்பத்தா, அம்மாவுடையதாயிற்றே" என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதானே. மறுபடியும் புளி போட்டு விளக்கி, கவிழ்த்துவைத்துவிட்டார்கள். இப்போது சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த சிவப்புக் கோடு போட்ட இறால் எங்கே அப்பு என்று கேட்கிறார்கள். நத்தைகள் இன்னும் இரண்டு வாரம் தாங்கட்டும், அப்புறம் ஒன்று வாங்கிவிடலாமா பாய்?