ஆஸ்திரேலியப் போர்க்கைதி: படைக் கோப்பில் 'மலாயா', வீட்டார் சொல்வது தாய்லாந்து ரயில் பாதை. எது சரி?

கேள்வி

என் கணவரின் தாத்தா விக்டோரியாக்காரர், 2/29 பட்டாலியன். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, போர் முடிந்து உயிரோடு திரும்பியவர். ஜப்பானியர் கைதிகளை வைத்து பர்மாவுக்குப் போட்ட தாய்லாந்து ரயில் பாதையில் வேலை செய்தார் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் அனுப்பிய அஞ்சலட்டையில் இருப்பதோ 'மலாயா'. படைக் கோப்பிலும் 'போர்க்கைதி, மலாயா' என்று எழுதி, பக்கத்தில் 1943 ஜூன் தேதி போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில் 1

இரண்டுமே சரியாக இருக்கலாம்.

முதலில் தேதி. நீங்கள் பார்ப்பது பி103 படிவம், அதாவது படைவீரரின் சேவை விவரங்களைப் பதிந்த தாள். அதில் அறிக்கை வந்த நாள் ஒரு பத்தியில் இருக்கும், சம்பவம் நடந்த நாள் இன்னொரு பத்தியில் இருக்கும். சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. கைதிகளின் பெயர்களை ஜப்பானியர் மிகத் தாமதமாகவே கொடுத்தார்கள். அதனால் பலருக்கு முதலில் 'காணவில்லை' என்றும், ஒரு வருடத்துக்கு மேல் கழித்து 'போர்க்கைதி' என்றும் பதிவாகியிருக்கும். 1943 ஜூன் என்பது செய்தி எட்டிய காலம்.

அடுத்து 'மலாயா'. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து எஃப் ஃபோர்ஸ் என்ற வேலைக் குழுவாக 7,000 பேரை ரயிலேற்றினார்கள். அதில் ஆஸ்திரேலியர் 3,662. 2/29 பட்டாலியன் ஆட்களும் இருந்தார்கள். பான் போங்கில் இறங்கி, இரவு இரவாகச் சுமார் 300 கிலோமீட்டர் நடந்து பர்மா எல்லைப் பக்கம் போனார்கள். உடல் தாய்லாந்தில் இருந்தாலும் ஜப்பானியரின் நிர்வாகக் கணக்கில் அவர்கள் மலாயா கைதிகள்தான். பிறகு போன எச் ஃபோர்ஸும் அப்படியே. மார்ச்சில் போன டி ஃபோர்ஸ் மட்டும் தாய்லாந்துக் கணக்கில் சேர்ந்தது. ஆகவே 'மலாயா' என்ற ஒரு சொல்லை வைத்து அவர் ரயில் பாதைக்குப் போகவில்லை என்று தீர்மானித்துவிடாதீர்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. அப்படியானால் எஃப் ஃபோர்ஸ் என்றே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1

இப்போதைக்கு வேண்டாம். பி103இன் கடைசி வரிகளில் 1945இல் அவரை எங்கே மீட்டார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூர் என்றிருந்தால் எஃப் ஃபோர்ஸுக்குப் பொருந்தும், ஏனெனில் பிழைத்தவர்களில் பெரும்பாலோரை 1943 டிசம்பர் வாக்கில் அங்கேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆனால் சாங்கியை விட்டு நகராதவருக்கும் அதே வரிதான் இருக்கும்.

முடிவைச் சொல்வது முகாம் பெயர். சொங்குராய், நீக்கே என்றால் எஃப் ஃபோர்ஸ். கொன்யூ, ஹின்டாக் என்றால் டி அல்லது எச். பழைய கடிதங்களின் ஓரம், புகைப்படத்தின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

பதில் 2

முகாம் பெயர் கிடைக்க நல்ல இடம் போருக்குப் பிந்தைய ஓய்வூதிய, மருத்துவக் கோப்பு. வெப்பமண்டலப் புண், பெரிபெரி, மலேரியா போன்றவற்றுக்கு உதவி கேட்டவர்கள் எங்கே, எப்போது நோய் கண்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. இதுவும் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கும், ஆனால் படைக் கோப்போடு சேர்ந்திருக்காது. காப்பகத்தின் இணையத் தேடலான ரெக்கார்ட்சர்ச்சில் பெயரைப் போட்டுத் தனியாகத் தேடுங்கள். 'இன்னும் பரிசீலிக்கப்படவில்லை' என்ற நிலை தெரிந்தால் மறுப்பு என்று நினைத்து விட்டுவிட வேண்டாம், அணுகல் விண்ணப்பம் போடலாம்.

படை எண்ணையும் கவனியுங்கள். விஎக்ஸ் என்று தொடங்கும் எண்ணுக்கான கோப்பு காப்பகத்தின் பி883 தொடரில் இருக்கும். அதற்கு முன் உள்நாட்டு மிலிஷியாவில் இருந்திருந்தால் எக்ஸ் இல்லாத வேறு எண் உண்டு, அது பி884. இரண்டையும் தேடுங்கள்.

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 345 தொடரில் ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் இருக்கின்றன. அவர் அட்டை கிடைத்தால், வருடம் ஷோவா கணக்கில், அதாவது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில் இருக்கும். 1925ஐக் கூட்டுங்கள்: ஷோவா 17 என்றால் 1942.

பதில் 3

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் ஏடபிள்யூஎம்54 தொகுப்பில் எஃப் ஃபோர்ஸ் அறிக்கைகளும் உண்டு. தனி ஆள் பெயர் கிடைக்காமல் போகலாம், ஆனால் எந்த முகாமில் எப்போது காலரா பரவியது, ஆட்களை எங்கே மாற்றினார்கள் என்பது தெரியும். அதே பாதையில் மலாயா எஸ்டேட்டுகளிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்குப் படை எண்ணும் இல்லை, பி103உம் இல்லை. நம் பக்கத்து ஆட்களைத் தேடுகிறவர்களும் இந்த அறிக்கைகளைப் படிக்க வேண்டும்.

கேட்டவர்

மீட்ட இடம் சிங்கப்பூர் என்றே இருக்கிறது. மருத்துவக் கோப்புக்கு விண்ணப்பம் போடுகிறேன். முகாம் பெயர் கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.