கைப்பிடியிலேயே தீக்கோல் உள்ள கத்தி: ஸ்வீடன் காட்டுக்குச் சரிவருமா?

கேள்வி:
வணக்கம். உப்சாலாவில் படிக்கிறேன். நண்பர்களோடு காட்டில் கூடாரம் போடப் போகிறோம். கைப்பிடியில் தீக்கோல் உள்ள மோராக்நிவ் கம்பேனியன் ஸ்பார்க் கத்தி வாங்கலாமா? தீப்பெட்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில் 1:
தாராளமாக வாங்குங்க தம்பி. நான் வைத்திருப்பதும் அதுதான். அலகு துருப்பிடிக்காத எஃகு, நீளம் சுமார் 10 செ.மீ. தீக்கோல் ஃபெரோசீரியம், அதாவது உரசினால் பொறி தரும் உலோகக் கலவை; நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசினால் பொறி பறக்கும். புதுக் கோலின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும், முதலில் அதைச் சுரண்டிவிடுங்கள். அப்புறம், கூர்ப்பக்கத்தால் உரசவே கூடாது, அலகின் முதுகு விளிம்பால்தான். கத்தியை அசைக்காமல் பிடித்து, கோலைப் பின்னால் இழுங்கள். கத்தியை முன்னால் தள்ளினால் குவித்து வைத்த சருகெல்லாம் சிதறிவிடும்.

பதில் 2:
பொறியை விட, அதைப் பிடித்துக்கொள்ளும் பொருள்தான் முக்கியம். பிர்ச் மரத்தின் பட்டையைக் கத்தி முதுகால் சுரண்டி, மெல்லிய துகளாக ஒரு கைப்பிடி சேருங்கள். அதில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈர நாளிலும் பற்றும். தரையில் விழுந்து கிடக்கும் கிளைகளில் மட்டும் எடுங்கள். நிற்கும் மரத்தில் பட்டை உரிக்க அங்கே அனுமதி இல்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கத்தியைப் பேருந்தில் கொண்டுபோகலாமா?

பதில் 1:
உறையில் போட்டு பையின் அடியில் வையுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது ஸ்வீடனில் குற்றம். கிளம்பும் முன் அந்தப் பகுதியில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.