உதவி: மட்டக்களப்பு, அம்பாறைத் தேர்தல் தரவு தொகுதி வாரியாகத் தேவை; கூட்டுத்தொகை இடிக்கிறது

வாவிக்கரை:
1989 முதல் 2024 வரை நடந்த பாராளுமன்றத் தேர்தல் முடிவுகளை இரண்டு மாவட்டங்களுக்கும் தொகுதி வாரியாக ஒரே எக்செல் கோப்பில் சேர்க்கிறேன். மூன்று இடத்தில் நிற்கிறது.

1. 2024 நவம்பர், மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு மாவட்டத்தில் 96,975 வாக்கு. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு மூன்றையும் கூட்டினால் அந்த எண் வரவில்லை, குறைகிறது.
2. தமிழ் பிடிஎப்பில் இருந்து நகல் எடுத்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாக விழுகிறது.
3. மக்கள் கருத்துக் கணிப்பில் மட்டக்களப்புக்கு மட்டும் தனியாக எண் வேண்டும். எங்கே கிடைக்கும்?

எண்கணக்கன்:
முதலாவதுக்குத் தபால் மூல வாக்கைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அது எந்தத் தொகுதிக்குள்ளும் வராது, மாவட்டத்துக்கு ஒரு தனி வரிசையாக வெளியாகும். ஆகவே மட்டக்களப்புக்கு 3 தொகுதி + 1 தபால் = 4 வரிசை. திகாமடுல்லவுக்கு (அம்பாறை மாவட்டத்தின் தேர்தல் பெயர்) அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் + தபால் = 5 வரிசை. அரச ஊழியர் நிறைந்த மாவட்டங்களில் இதை விட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வாக்களிப்பு வீதத்தை மாவட்ட மட்டத்தில் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. தொகுதிக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், தொகுதிகளின் பதிவு வாக்காளர் எண்களைக் கூட்டி மாவட்ட மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். தபால் வாக்காளர் உள்ளே இருக்கிறார்களா வெளியே இருக்கிறார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

வாவிக்கரை:
தபாலையும் சேர்த்தேன். இன்னும் குறையுது அண்ணே.

எண்கணக்கன்:
அப்ப எண்கள் எழுத்தாக உட்கார்ந்திருக்கு. பிடிஎப்பில் இருந்து வரும் எண்ணில் காற்புள்ளியோ, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோ ஒட்டிக்கொண்டிருந்தால் எக்செல் அதை எண்ணாக ஏற்காமல் போகலாம். சம் சூத்திரம் அதைப் பிழை காட்டாமலே தாண்டிப் போகும். ஆபத்து அதுதான்.

சோதிக்கும் வழி: அதே நிரலுக்கு கவுண்ட், கவுண்டஏ இரண்டையும் போடுங்கள். கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்டஏ எழுத்தையும் சேர்த்து எண்ணும். தலைப்பை விட்டு இரண்டும் ஒரே விடை தரவேண்டும். தராவிட்டால் ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் காற்புள்ளியையும் இடைவெளியையும் வெறுமையாக மாற்றுங்கள். மறுகா நிரலைத் தெரிந்து, டேட்டா பட்டியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், ஃபினிஷ். முடிந்தது. இடைவெளி போக மறுத்தால் அது சாதாரண இடைவெளி இல்லை. ஒரு செல்லில் இருந்து அந்த இடைவெளியையே நகல் எடுத்து ஃபைண்ட் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள்.

வாவிக்கரை:
ஓம், ஒரு தொகுதியின் எண் எழுத்தாகத்தான் கிடந்தது. இப்ப 96,975 சரியாக வந்துட்டுது.

கல்லடிப் பாலம்:
இரண்டாவதுக்கு வாறன். அந்த பிடிஎப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு மாற்றியில் ஒட்டி யுனிகோடாக்கலாம்தான், ஆனால் இலக்கமும் எழுத்தும் கலந்த அட்டவணையில் அதைச் செய்யாதீர்கள், நிரல்கள் குழம்பும். தேர்தல் ஆணைக்குழுவின் தளத்தில் அதே முடிவின் ஆங்கிலப் பதிப்பு கிடக்கும். எண்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, கட்சிப் பெயர்களைத் தமிழில் நீங்களே ஒரு தரம் தட்டினால் போதும்.

எக்செல்லில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் பிடிஎப் என்று போனால் அட்டவணையாகவே இறங்கும். அந்த வசதி இல்லாத பதிப்பென்றால் டபியூலா என்ற மென்பொருள் இலவசம். ஸ்கேன் செய்த படமாக இருக்கும் பழைய அறிக்கைகளுக்கு இரண்டும் கைகொடுக்காது. அவற்றை எழுத்துணரியில் (ஓசிஆர்) போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் செல்லுபடியானவை + நிராகரிக்கப்பட்டவை = அளிக்கப்பட்டவை என்று சரிபாருங்கள். 3ஐ 8 என்று பிழையாக வாசித்திருந்தால் இந்தக் கூட்டலில் பிடிபடும்.

இன்னொன்று, பெயரை வைத்துக் கோப்புகளை இணைக்காதீர்கள். குடிசன மதிப்பில் (சனத்தொகைக் கணக்கெடுப்பில்) அம்பாறை என்று இருப்பது தேர்தலில் திகாமடுல்ல. பட்டிருப்பை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு விதம். குறியீட்டை வைத்து இணையுங்கள்: தேர்தல் மாவட்ட இலக்கம் மட்டக்களப்பு 12, திகாமடுல்ல 13. குடிசன மதிப்பிலோ மட்டக்களப்பு 51, அம்பாறை 52. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு சின்ன ஒப்பீட்டு அட்டவணை செய்துவிட்டால் பிறகு தலையிடி இல்லை.

சம்மாந்துறையான்:
தம்பி, கூட்டல் சரி வந்தாலும் கட்சி நிரல் உங்களை ஏமாற்றும். முஸ்லிம் காங்கிரஸை ஒரே நிரலில் கீழே இழுத்துக்கொண்டு போனால் பிழை. 2015இல் மட்டக்களப்பில் தன் மரச் சின்னத்தில் தனியாக நின்றது, திகாமடுல்லவில் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையில் நின்றது. 2020இலும் மட்டக்களப்பில் மரம், திகாமடுல்லவில் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசி. 2024இல் இரண்டிலும் மரம். ஆகவே திகாமடுல்ல நிரலில் 2015இல் பூச்சியம் என்று கண்டு 'வாக்கு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்கும் 2004இல் இருந்து தமிழரசின் வீட்டுச் சின்னத்தில்தான் பதிவாகியிருக்கு. நான் சொல்வது, சின்னத்துக்கு ஒரு நிரல், அரசியல் அணிக்கு இன்னொரு நிரல்.

விருப்பு வாக்கு, அதாவது கட்சிப் பட்டியலில் தனி வேட்பாளருக்கு விழும் வாக்கு, அதைத் தொகுதி வாரியாகத் தேடி நேரத்தை விடாதீங்க. அது மாவட்ட மட்டத்தில்தான் வெளியாகும்.

உள்ளூராட்சி முடிவையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: 2025 மே 6 அன்று கல்முனை மாநகர சபைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2018 பெப்ரவரி 10இல் நடந்தது. அம்பாறை மாவட்ட மொத்தத்தை இரண்டு ஆண்டுக்கும் அப்படியே ஒப்பிட்டால், ஒரு மாநகர சபை முழுவதும் காணாமல் போயிருக்கும்.

எண்கணக்கன்:
பின்னுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. 1977இல் மட்டக்களப்பும் பொத்துவிலும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள், ஒருவருக்கு இரண்டு வாக்கு. வாக்குகளின் கூட்டுத்தொகை வாக்காளர் தொகையைத் தாண்டி நிற்பதைப் பார்த்துக் கள்ளவாக்கு என்று முடிவு கட்டவேண்டாம். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய 'மட்டக்களப்பு' மாவட்ட எண்ணுக்குள் இன்றைய அம்பாறையும் இருக்கு.

ஜனாதிபதித் தேர்தல் 2024இல் வெற்றி பெற்றவருக்கு இரண்டு எண் காணப்படும்: 5,634,915, 5,740,179. இரண்டும் சரி. முதலாவது முதல் எண்ணிக்கை, மற்றது இரண்டாம் மூன்றாம் விருப்புகளைச் சேர்த்தது. பழைய தேர்தல்களோடு ஒப்பிட முதலாவதை எடுங்கள்.

கல்லடிப் பாலம்:
மூன்றாவது கேள்விக்கு யாரும் கை வைக்கவில்லை. நேராகச் சொன்னால், நீங்கள் கேட்கும் எண்ணை நம்பி எடுக்க முடியாது.

வெரிட்டே ரிசர்ச்சின் 'மூட் ஒஃப் த நேஷன்', சுகாதாரக் கொள்கை நிறுவகத்தின் கருத்துக் கணிப்பு, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் சோஷல் இண்டிகேட்டர் ஆய்வுகள், மூன்றையும் பாருங்கள். எல்லாம் நாடு தழுவியவை. 2012 குடிசன மதிப்பில் நாட்டின் 20,359,439 பேரில் மட்டக்களப்பு 526,567, அதாவது சுமார் 2.6%. 1,000 பேர் மாதிரியில் அது 26 பேர். ஆயிரம் பேருக்கு வழு ±3%, 26 பேருக்கு ±19%. '50% ஆதரவு' என்றால் 31 ஆகவும் இருக்கலாம், 69 ஆகவும் இருக்கலாம். மாதிரியைக் கொத்துக் கொத்தாக எடுத்திருந்தால் இன்னும் மோசம்.

இனக்குழு வாரியான பிரிப்பு இருந்தால் அது ஓரளவு உதவும். ஆனால் 'தமிழர்' என்ற வகைக்குள் யாழ்ப்பாணம் எவ்வளவு, கிழக்கு எவ்வளவு என்று ஆய்வுமுறைக் குறிப்பில் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

வாவிக்கரை:
விளங்குது. அப்ப வாக்களிப்பு நிலைய மட்டத்து முடிவாவது கேட்டுப் பெறலாமா?

சம்மாந்துறையான்:
தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். தேர்தல் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் தேர்தல் சட்டம் இரகசியம் என்று வைத்திருப்பதைத் தரமாட்டார்கள், 5ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்குது. ஆகவே 'எல்லா முடிவும்' என்று கேளாமல், எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி, எந்த அட்டவணை, எக்செல் வடிவில் என்று ஒவ்வொன்றாக எழுதுங்க. வாக்களிப்பு நிலையங்களின் பட்டியலையும் கேளுங்க. எந்தக் கிராம சேவையாளர் பிரிவு எந்த நிலையத்துக்குப் போகுது என்பது அதில் இருந்தால், குடிசன மதிப்போடு இணைக்க அதுதான் பாலம்.